மாலையைக் கழற்றிய பிறகு வரும் முதல் சிகரெட்

வாசகர் கடிதம்: எனக்கு 53 வயது. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஆறு ஏக்கர் சாகுபடி செய்கிறேன். 22 வயதில் தொடங்கிய சிகரெட் இன்று நாளைக்கு 25, 30 என்று நிற்கிறது. இரவில் மோட்டார் போடப் போனால் அது போகப் பீடியும் உண்டு. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே ஒன்று வேண்டும். இரண்டு வருடமாக இளைப்பு இருக்கிறது. நெஞ்சக மருத்துவர் இன்ஹேலரும் டெரிஃபிலின் மாத்திரையும் கொடுத்து, சிகரெட்டை நிறுத்த உளவியலாளர் ஒருவரிடம் தனியாக ஆலோசனை பெறும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு மனநோய் எதுவும் இல்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் மாலை போட்டு 41 நாள் ஒரு சிகரெட்கூடத் தொடாமல் இருக்கிறேன். மலைக்குப் போய்த் திரும்பும் வேனிலேயே கை சட்டைப்பையைத் தேட ஆரம்பித்துவிடும். போன சித்திரையில் சும்மா விட்டுப் பார்த்தேன். வீட்டில் ஒரே சண்டை. முன்பெல்லாம் பேச்சு தடித்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். நான்காம் நாள் என் மனைவியே, "நீங்க குடிச்சாலே தேவலாம்" என்று சொல்லிவிட்டாள். பேச்சினால் இந்தப் பழக்கம் போகுமா? நிக்கோட்டின் சூயிங்கம் போட்டால் அதற்கு அடிமையாகிவிட மாட்டேனா?

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதியை, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு செய்திகளிலேயே காண்கிறேன். மாலை போட்டிருக்கும் 41 நாளும் தொடுவதில்லை என்பது ஒன்று. திரும்பும் வேனில் கை சட்டைப்பையைத் தேடுகிறது என்பது மற்றொன்று. உங்கள் மனம் பழுதுபட்டிருக்கிறது என்று எண்ணி மருத்துவர் உங்களை அனுப்பவில்லை. அந்த வேனுக்குள் உங்களுக்கு என்ன நேர்கிறது என்பதை, ஒருவர் உங்களோடு உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கருதியே அனுப்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

முதலில் உடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளிழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகிறது. பிறகு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. உறங்கி எழும் வேளையில் அது மிகவும் இறங்கியிருப்பதால்தான் பல் விளக்குவதற்கு முன்பே உங்களுக்கு ஒன்று தேவைப்படுகிறது. நிக்கோட்டின் இல்லாமல் இருக்க முடியாத இந்தச் சார்பின் ஆழத்தை அளக்க நாங்கள் பயன்படுத்தும் ஃபாகர்ஸ்ட்ரோம் வினாத்தாளில், விழித்த 5 நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு அந்தக் கேள்விக்குரிய மிக உயர்ந்த மதிப்பெண்ணான 3 கிடைக்கும். ஆகவே உங்களுடையது ஆழமான சார்பு என்பதை நேரில் பாராமலே சொல்லலாம். நிறுத்தியதும் வரும் எரிச்சல், படபடப்பு, உறக்கமின்மை, பசி, மலச்சிக்கல் ஆகியவை முதல் சில நாள்களில் உச்சத்துக்கு ஏறி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால் 41ஆம் நாளன்று உங்கள் உடல் நிக்கோட்டினைக் கேட்டுக் கதறும் நிலையில் இல்லை. சித்திரையின் நான்காம் நாளில் தவித்த அதே உடல், கார்த்திகையின் நான்காம் நாளைப் பொறுத்துக்கொண்டது. உடல் ஒன்றே என்றால், மாறியது வேறு ஏதோ ஒன்று.

இதற்கு மிக நெருக்கமான ஒரு நிலையை இஸ்ரேலில் ஆராய்ந்திருக்கிறார்கள். யூத சமயத்தின் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுவது விலக்கப்பட்டிருப்பதால், நெறி தவறாத யூதர்கள் மற்ற நாள்களில் எவ்வளவு புகைப்பவர்களாயினும் அந்த ஒரு நாள் தொடுவதில்லை. 2005இல் வெளியான ஆய்வு ஒன்று, அத்தகைய தீவிரப் புகைப்பழக்கம் உடையவர்களின் ஏக்கத்தை ஓய்வுநாளிலும், வழக்கம்போல் புகைத்த ஒரு வேலைநாளிலும், ஆய்வுக்காகப் புகைக்காமல் இருந்த மற்றொரு வேலைநாளிலும் அளந்தது. வேலைநாளில் வலிந்து நிறுத்தியபோது இருந்த ஏக்கத்தைவிட, ஓய்வுநாளின் ஏக்கம் மிகக் குறைவாக இருந்தது. 2010இல் அதே வழியில் விமானப் பணியாளர்களை ஆராய்ந்தபோது இன்னொன்று தெரியவந்தது. குறுகிய பயணம், நீண்ட பயணம் இரண்டிலும் ஏக்கம் உயர்ந்தது தரையிறங்கும் நேரம் நெருங்கியபோதுதான். கடைசி சிகரெட்டுக்குப் பிறகு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதற்கு அவ்வளவு பங்கில்லை. உங்கள் வேனில் நடப்பதும் இதுவே என்று நான் நம்புகிறேன். "இப்போது வாய்ப்பில்லை" என்று மூளை அறிந்திருக்கும்வரை அடங்கிக் கிடக்கும் ஏக்கம், "இனி வாய்ப்புண்டு" என்று தெரிந்ததும் தலையெடுக்கிறது.

மாலை உங்களுக்கு என்னென்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து குளிர்ந்த நீரில் குளிக்கிறீர்கள். ஆகவே முதல் சிகரெட்டின் நேரமே இல்லாமல் போகிறது. உணவு மாறுகிறது, படுக்கை மாறுகிறது. டீக்கடையில் வழக்கமாகப் பெட்டியை நீட்டும் நண்பர், "சாமி" என்று சொல்லி விலகி நிற்கிறார். கோபப்படக் கூடாது என்பது உங்களுக்கு மட்டுமின்றி, உங்களைக் கோபப்படுத்தக் கூடாது என்று வீட்டாருக்கும் விதியாகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரே உங்களை வேறொரு பெயரால் அழைக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் புகைப்பதில்லை. மாலையைக் கழற்றும் நாளில் இவை அனைத்தும் ஒரே மூச்சில் கழன்றுவிடுகின்றன. இத்தனை வருடமாக நீங்கள் இதை மன உறுதி குறைந்ததாகவே எண்ணி வந்திருப்பீர்கள். நான் அப்படி எண்ணவில்லை. 41 நாளுக்குத் தாங்குகோல் நடப்பட்டிருந்தது, 42ஆம் நாளுக்கு எவரும் நடவில்லை, அவ்வளவுதான். தனி ஆலோசனையின் வேலை அந்த 42ஆம் நாளுக்கானது. உங்கள் விரதத்தைச் சிகிச்சைக் கருவியாகச் சுருக்குவதாக எண்ணிவிடாதீர்கள். அது உங்கள் பக்தி. அதிலிருந்து கற்றுக்கொள்ள எங்களுக்கு நிறைய இருக்கிறது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

"பேச்சினால் போகுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சு என்றவுடன் அறிவுரையை நினைக்கிறோம். புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதை இளைப்போடு வாழும் உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல உளவியலாளர் அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கவும் மாட்டார். முதல் அமர்வில் அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு ஒரு சிறு வேலை தருவார்: சிகரெட் பெட்டியைச் சுற்றி ஒரு தாளை ரப்பர் பேண்டால் கட்டி, ஒவ்வொன்றையும் பற்றவைப்பதற்கு முன், மணி என்ன, எங்கே இருக்கிறீர்கள், யாரோடு, ஏக்கம் 10க்கு எவ்வளவு, அந்த நேரத்தில் மனத்தில் ஓடியது என்ன என்று ஒரு வரி எழுதச் சொல்வார். அந்த ஒரு வாரத்தில் குறைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாரக் கடைசியில் தாளைப் பிரித்துப் பார்க்கும்போது, 30 சிகரெட்டும் ஒரே சிகரெட் அல்ல என்பது தெரியவரும். சில உடலின் தேவைக்கானவை; சில, கை தானாகச் செய்தவை; பாக்கியுள்ள சிலவே உங்கள் வாழ்க்கையில் ஏதோ ஒரு வேலையைச் செய்து கொடுப்பவை. விடுவதற்குக் கடினமானவை இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை. அந்த வேலையை வேறொன்றின் கையில் ஒப்படைக்காமல் சிகரெட்டை மட்டும் பிடுங்கினால், காலியான இடத்துக்கு அது திரும்பி வந்துவிடும்.

உங்கள் கடிதத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சித்திரையில் வீட்டில் நடந்த சண்டைகளுக்கு நிக்கோட்டின் இறங்கிய எரிச்சல் ஒரு காரணம் என்பது உண்மையே. ஆனால், பேச்சு தடித்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவது வழக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் கோபமும் தணிந்திருக்கும், வீட்டார் கோபமும் தணிந்திருக்கும். சிகரெட்டை நிறுத்திய நாளில் கொல்லைக்குப் போகும் காரணமும் போய்விட்டது. உட்கார்ந்த இடத்திலேயே சொல்லுக்குச் சொல் வளர்ந்திருக்கிறது. ஆகவே உங்களுக்கு வேண்டியது, கையில் நெருப்பு இல்லாமலும் எழுந்து போகலாம் என்ற உரிமை. ஆலோசனையின் ஓர் அமர்வுக்கு உங்கள் மனைவியையும் அழைத்துச் சென்று, "நான் எழுந்து போனால் பத்து நிமிடம் விட்டுவிடு, திரும்பி வந்து பேசுகிறேன்" என்று இருவரும் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். "குடிச்சாலே தேவலாம்" என்று அவர் சொன்னதை நீங்கள் அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு நாள் உங்களோடு சேர்ந்து தவித்த ஒருவரின் களைப்பு அது. இந்தத் தவிப்பு மூன்று நான்கு வாரங்களில் வடியும் என்று அவருக்கு அன்று யாராவது சொல்லியிருந்தால், அந்தச் சொல் வந்திருக்காது.

இரவு மோட்டாருக்கு இதே முறையில் ஒரு வழி காணவேண்டும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்திருப்பதும், வரப்பில் தனியாக நிற்பதும், உறக்கத்தை விரட்டுவதும் ஆகிய மூன்று வேலைகளை அங்கே பீடி செய்துகொண்டிருக்கிறது. காத்திருப்புக்கும் தனிமைக்கும் உறக்கத்துக்கும் தனித்தனியே என்ன செய்வது என்பதை உங்கள் வயலையும் உங்கள் குணத்தையும் அறிந்த பிறகே முடிவு செய்ய முடியும். ஒருவருக்குக் கைப்பேசியில் பாட்டு உதவும், மற்றொருவருக்குத் துணைக்கு ஓர் ஆள் தேவைப்படும். கூட்டமாக உட்கார்த்திச் சொல்வதைக் காட்டிலும் தனி ஆலோசனையை நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது இதனால்தான். பீடி இலையில் சுற்றியது, ஆகவே தீங்கு குறைவு என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அணையாமல் இருக்க அதை அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால், நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமலே உள்ளே போகின்றன.

இனி, பலனைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். எந்த உதவியும் இன்றித் தாமாக விட முயல்பவர்களில், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை புகையின்றி நிலைப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் மட்டுமே. தனி ஆலோசனை பற்றிய 49 ஆய்வுகளை, ஏறத்தாழ 19,000 பேரின் விவரங்களோடு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் தொகுத்து ஆராய்ந்தது. பெயரளவிலான உதவி பெற்றவர்களோடு ஒப்பிடும்போது, தனி ஆலோசனை பெற்றவர்கள் விட்டுவிடும் வாய்ப்பு 40 முதல் 80 சதவீதம் வரை கூடுகிறது என்பது அதன் முடிவு. ஒரே முயற்சியில் எல்லாருக்கும் வெற்றி என்று எவரும் வாக்களிக்க முடியாது. ஆனால் தனியாகப் போராடுவதைவிட இது தெளிவாகவே மேலானது. அமர்வுகளின் எண்ணிக்கையும் முக்கியம். ஒருமுறை வந்துவிட்டு நின்றுவிடாதீர்கள். குறைந்தது நான்கு, இயன்றால் ஆறு முதல் எட்டு அமர்வுகள் தேவைப்படும் என்று எண்ணிக்கொண்டு தொடங்குங்கள்.

உங்களைப் போன்று ஆழமான சார்பு உள்ளவர்களுக்கு ஆலோசனையோடு மருந்தும் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சூயிங்கத்துக்கு அடிமையாகிவிடுவேனோ என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் அடிமைத்தனம் உண்டாவதில் நிக்கோட்டினின் வேகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. புகையில் சில விநாடிகளில் மூளைக்கு ஏறுவது, சூயிங்கத்தில் வாயின் உட்சவ்வு வழியாக மெல்ல ஏறுகிறது; நுரையீரலைக் கெடுக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதில் இல்லை. எழுந்த 30 நிமிடத்துக்குள் புகைப்பவர்களுக்கு 2 மில்லிகிராமைவிட 4 மில்லிகிராம் பொருந்தும். அதை மருத்துவர் எழுதித் தரட்டும். மிட்டாயைப் போல் விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். சுரீரென்ற சுவை வரும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, சுவை அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும்; காப்பி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது. ஏறத்தாழ 12 வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். வாரனிக்லின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் உண்டு. புகையை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே அவற்றைத் தொடங்க வேண்டும். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது.

மருந்து பற்றி இன்னும் ஒரு செய்தியை மறக்காமல் உங்கள் நெஞ்சக மருத்துவரிடம் சொல்லுங்கள். புகையிலுள்ள பொருள்கள் ஈரலைத் தூண்டிச் சில மருந்துகளை விரைவாக வெளியேற்றுகின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு மருந்து இரத்தத்தில் கூடுதலாகத் தேங்கும். நீங்கள் சாப்பிடும் மாத்திரையிலுள்ள தியோஃபிலின் அத்தகையது. நிறுத்தும் நாளை முன்கூட்டியே சொன்னால் அளவை அவர் சரிசெய்வார். காப்பியிலுள்ள காஃபீனும் இதே வகை. புகையை விட்டவர்கள் வழக்கமான நாலு டம்ளர் காப்பியையே குடித்துவிட்டு, படபடக்கிறது, உறக்கம் வரவில்லை, சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று எண்ணி மறுபடி பற்றவைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் நாளிலிருந்தே காப்பியைப் பாதியாக்கிவிடுங்கள்.

ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போகலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வரலாம். 2016இல் இங்கிலாந்தில் 697 பேரிடம் நடந்த ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதமும், இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியவர்களில் 39 சதவீதமும் நான்காம் வாரத்தில் புகையின்றி இருந்தார்கள். ஒரேயடியாக நிறுத்தும் பழக்கம் ஏற்கெனவே உங்களுக்கு உண்டு, அதையே கைக்கொள்ளுங்கள்.

இடையில் ஒருநாள் தவறி ஒன்றைப் பற்றவைத்துவிட்டால் என்ன செய்வது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்வது ஆலோசனையின் மிக முக்கியமான பகுதி. பெரும்பாலானோரை வீழ்த்துவது அந்த ஒரு சிகரெட் அல்ல. "அதுதான் குடித்தாயிற்றே, இனி என்ன" என்று அடுத்து வரும் எண்ணமே வீழ்த்துகிறது. வரப்பில் நண்டு வளை விழுந்து தண்ணீர் கசிந்தால், வளையைத் தேடி மண்ணை வைத்து மிதிப்பீர்களே தவிர, மடையைத் திறந்து வயல் முழுவதையும் வடியவிட மாட்டீர்கள். தவறிய அன்றே உளவியலாளரைத் தொலைபேசியில் அழைத்து, எந்த நேரத்தில், யாரோடு, எந்த எண்ணத்தின் வழியாகக் கசிந்தது என்று சொல்லுங்கள். உங்களைக் கடிந்துகொள்வது அவருடைய வேலை அல்ல; வளை எங்கே என்று உங்களோடு சேர்ந்து தேடுவதே அவருடைய வேலை.

மனநலப் பிரிவின் வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் மறைவாகத் தெரிகிறது. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்கு நீங்கள் செலவின்றி உதவி கேட்கலாம். அங்கே வருபவர்களில் உறக்கம் கெட்டவர்களும் குடியை விட வந்தவர்களும் உங்களைப் போன்றவர்களும் உண்டு. நேரில் போக இயலாத வாரங்களில் 1800112356 என்ற கட்டணமில்லாத் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட், பீடி உறைகளின் மேலேயே அந்த எண்ணை அச்சிட்டு வருகிறார்கள். சளியில் இரத்தம், நெஞ்சுவலி, காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் ஆலோசனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். நிறுத்திய பிறகு மனச்சோர்வு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு விட்ட பிறகு மனநிலை முன்னைவிட மேம்படவே செய்கிறது.

53 வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது என்று எவரேனும் சொன்னால், பிரிட்டனின் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை அவரிடம் சொல்லுங்கள். 50 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 6 ஆண்டுகளும், 60 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகளும் ஆயுளில் திரும்பக் கிடைத்தன.

காலத்தைப் பற்றி என் யோசனை இது. இப்போது ஆடி நடக்கிறது. இளைப்பு உள்ள நிலையில் கார்த்திகைவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பெட்டியைச் சுற்றித் தாளைக் கட்டுங்கள். அதை எடுத்துக்கொண்டு முதல் அமர்வுக்குப் போங்கள். ஆவணியின் நடுவில் ஒரு நாளைக் குறியுங்கள். அந்த நாளிலிருந்து 12 வார மருந்து முடியும் வேளையில் நீங்கள் மாலை போடுவீர்கள். அடுத்த 41 நாளைக் கடப்பது உங்களுக்குப் பழகியது. அதற்குப் பிறகே அதிகக் கவனம் தேவை. மாலையைக் கழற்றும் வாரமும் சம்பா அறுவடையும் அடுத்தடுத்து வரும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்குமா, இரவில் மழை வருமா என்று தார்ப்பாய்க்குப் பக்கத்தில் விழித்திருக்கும் நாள்களில், பக்கத்துக் குவியலுக்குக் காவல் இருப்பவர் பெட்டியை நீட்டுவார். இம்முறை அவர் உங்களைச் சாமி என்று அழைக்க மாட்டார். அவரிடம் சொல்லப்போகும் பதிலை அமர்வில் வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். முதல் நாள் உளவியலாளரைப் பார்க்கும்போதே, மலையிலிருந்து திரும்பும் நாளுக்கு மறுநாள் ஓர் அமர்வும், நெல் போடும் வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பும் வேண்டும் என்று கேட்டு, அவருடைய நாள்குறிப்பில் எழுதச் செய்துவிட்டு வாருங்கள்.